பேரன் ஊருக்கு வருமுன்

அன்புள்ள மக்கா,

உன் கடிதம் கிடைத்தது. பேரனுக்கு ஆஸ்துமா என்று படித்ததும் மனசு கேட்கவில்லை. இங்கே குலசேகரத்தில் எல்லாம் பழையபடிதான். மழை விடாததால் பாதி நாள் ரப்பர் வெட்டு கிடையாது. இரண்டு பருவமழையும் நம் மாவட்டத்துக்குத்தானே! வீட்டுச் சுவரெல்லாம் பூசணம். இளைப்புக்காரர்களுக்கு அது ஆகாது. நீங்கள் வருமுன் மாடி அறையைச் சுத்தம் செய்து வைக்கிறேன். ரப்பர் ஷீட்டைப் புகை போட்டு உலர்த்தும் புகைப்புரைப் பக்கம் மட்டும் அவனை விடாதே.

போன மாதம் தக்கலையில் ஒரு கல்யாண வீட்டில் என் தங்கச்சி மகளுக்கும் இளைப்பு வந்தது. சாம்பிராணிப் புகையோ என்னவோ. முதலில் இருமல்தான். அப்புறம் பாயசம் வேண்டுமா என்று கேட்டதற்கு, "வேண்டாம்... மாமா... பிறகு" என்று சொல்லுக்குச் சொல் மூச்சு வாங்கினாள். ஒவ்வொரு மூச்சுக்கும் கழுத்துக் குழி உள்ளே போய் வந்தது. ஒருத்தி படுக்க வை என்கிறாள், ஒருவர் ஆவி பிடிக்கச் சொல்கிறார், சுக்குக் காப்பி வேறு. கல்யாண வீட்டில் வைத்தியருக்கா பஞ்சம்!

தங்கச்சி யாருக்கும் காது கொடுக்கவில்லை. நாற்காலியில் நிமிர்த்தி உட்கார வைத்து, இறுக்கிக் கட்டிய பட்டுப்பாவாடை நாடாவைத் தளர்த்தினாள். நீல இன்ஹேலரைக் குலுக்கி, ஸ்பேசர் என்கிற மருந்து இழுக்கும் பிளாஸ்டிக் குழாயில் மாட்டி, ஒரு பஃப் அடித்து நாலு மூச்சு இழுக்கச் சொன்னாள். இப்படி நாலு பஃப். நாலு நிமிஷம் பொறுத்தும் அடங்காததால் திரும்ப நாலு. நான் 108-ஐக் கூப்பிட்டேன். ஆம்புலன்ஸ் வரும்போது பிள்ளை ஓரளவு பேசினாள். ஆனாலும் ஆசாரிப்பள்ளம் அரசு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்க் காட்டிவிட்டுத்தான் வந்தோம்.

வீசிங் சத்தம் நின்றால் சரியாகிவிட்டது என்று நினைக்காதே. உதடு நீலம் பாரித்து, பேச்சு வராமல் பிள்ளை சோர்ந்து போனால், உள்ளே காற்றே சரியாகப் போகாததால்தான் சத்தம் இல்லை. அப்போது எதற்கும் காத்திருக்காமல் உடனே 108. வண்டி வரும்வரை இன்ஹேலரையும் விடாமல் கொடு.

தினமும் இழுக்கிற இன்ஹேலர் வேறு, இந்த நீலம் வேறு. நீலத்தில் இருக்கும் சால்பியூட்டமால் சுருங்கிய மூச்சுக்குழலைச் சில நிமிஷத்தில் விரித்துவிடும். மற்றது வீக்கத்தைக் குறைக்க. பலன் மெதுவாகத்தான் தெரியும். கிளம்புமுன் இரண்டையும் டாக்டரிடம் காட்டி, எப்போது எது, எத்தனை பஃப் என்று எழுதி வாங்கிக்கொள். நீலத்தைப் பெட்டிக்குள் போட்டுவிடாமல் கைப்பையில் வை, ரயிலில் தேட முடியாது.

எந்த ரயில் என்று எழுது. நாகர்கோவில் ஜங்ஷனுக்கு வந்துவிடுகிறேன்.

உன்
பழைய பெஞ்சுத் தோழன்