‘பார்க்கிறோம்’ என்பதற்கு ஆங்கிலத்தில் என்ன?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கோடை விடுமுறை நெருங்கினால் உங்கள் நாளிதழுக்குள் மடித்து வரும் துண்டு விளம்பரங்களில் பாதி, ஆங்கிலப் பயிற்சி பற்றியவை. சென்ற வாரம் வந்த ஒன்றில் “சுற்றுலா, ஓட்டல் துறைக்கான சிறப்பு ஆங்கிலம், 45 நாட்களில்” என்றிருந்தது. எதிர்வீட்டுப் பெண் அதை எடுத்து வந்து, “அக்கா, சேரலாமா?” என்று கேட்டாள். அவளுக்குச் சொன்ன பதில் நீண்டுவிட்டது. அதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

கடலூர் மஞ்சக்குப்பத்திலிருந்து தினமும் பஸ் பிடித்துப் போய், புதுச்சேரி கடற்கரைச் சாலைக்குப் பின்னால் 14 அறைகள் கொண்ட ஒரு விடுதியில் வரவேற்பாளராக வேலை பார்க்கிறேன். ஆறு ஆண்டுகளாகிவிட்டன. நான் பிளஸ் டூ வரை அரசுப் பள்ளியில் தமிழ் வழியில் படித்தவள். வேலைக்குப் போகும் முன் இப்படி ஒரு வகுப்பில் 6,500 ரூபாய் கட்டிச் சேர்ந்தேன். அம்மாவின் தோட்டை அடகு வைத்த பணம். என் லட்சியம் என்ன என்று ஐந்து நிமிடம் பேசச் சொன்னார்கள். லண்டன் விமான நிலையத்தில் பெட்டி தொலைந்ததுபோல் நடிக்கச் சொன்னார்கள். மீனம்பாக்கத்தையே நான் இன்னும் உள்ளே போய்ப் பார்த்ததில்லை.

வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் வாரம், வெந்நீர் வரவில்லை என்று ஒரு பெரியவர் கீழே இறங்கி வந்தார். பிளம்பரைக் கூப்பிட்டுக்கொண்டே அவரிடம், “யூ வெயிட்” என்றேன். அவர் முகம் சுருங்கிப்போனது. நான் மனதில் சொன்னது “கொஞ்சம் இருங்கள்” என்பதைத்தான். தமிழில் அந்த ‘ங்கள்’ ஒன்றே மரியாதை முழுவதையும் சுமந்துவிடுகிறது. ஆங்கில வினைச்சொல்லுக்கு அந்த வால் கிடையாது. ‘குட் யூ’ (could you), ‘உட் யூ மைண்ட்’ (would you mind) என்று மரியாதையை வாக்கியத்தின் தலையில் கட்ட வேண்டியிருக்கிறது. வகுப்பிலோ ‘குட்’ என்பது ‘கேன்’ என்பதன் இறந்தகாலம் என்று அட்டவணை போட்டு மனப்பாடம் செய்ய வைத்தார்கள். அது எதற்குப் பயன்படும் என்று ஒருவரும் வாய் திறக்கவில்லை.

அதைவிடப் பெரிய அடி மின்னஞ்சலில் விழுந்தது. பிரான்ஸிலிருந்து ஒரு தம்பதி, கடல் தெரியும் அறை வேண்டும் என்று எழுதியிருந்தார்கள். எங்கள் விடுதியில் அப்படிப்பட்ட அறைகள் இரண்டுதான், இரண்டிலும் ஆள். நம் ஊரில் முகத்தில் அடித்தாற்போல் ‘இல்லை’ என்பார்களா? “பார்க்கிறோம்” என்பார்கள், கேட்டவரும் புரிந்துகொள்வார். நானும் அந்த நினைப்பில் ‘வி வில் சீ டு இட்’ என்று பதில் அனுப்பிவிட்டேன். ‘அதற்கு நாங்கள் பொறுப்பு’ என்பதுதான் அதன் அர்த்தம் என்று அவர்கள் வந்து இறங்கிய பிறகே தெரிந்தது. கிடைத்த அறையின் ஜன்னலைத் திறந்தால் பக்கத்து வீட்டுத் தண்ணீர்த் தொட்டி. முதலாளி ஒருநாள் வாடகையைத் தள்ளுபடி செய்தார், அதில் பாதியை என் சம்பளத்தில் பிடித்தார். இதமாகவும் தெளிவாகவும் ‘இல்லை’ என்று சொல்லப் பழகியிருந்தால் அந்தப் பணம் என் கையில் இருந்திருக்கும்.

அன்றிலிருந்து ஒரு நீள நோட்டில், விருந்தினர் கேட்பதை எல்லாம் எழுதி வைக்கிறேன். குழாய்த் தண்ணீரைக் குடிக்கலாமா? பாஸ்போர்ட் நகல் ஏன் கேட்கிறீர்கள்? (வெளிநாட்டவர் தங்கினால் 24 மணி நேரத்துக்குள் அரசுக்கு விவரம் அனுப்ப வேண்டும் என்பதை, அவர்மீது சந்தேகம் என்று தொனிக்காமல் சொல்ல எனக்கு ஒரு வருடம் பிடித்தது.) ஆரோவில்லின் தியான மண்டபமான மாத்ரிமந்திருக்குள் இன்றே போக முடியுமா? வெளியிலிருந்து பார்ப்பது வேறு, உள்ளே போக முன்பதிவு வேண்டும் என்று விளக்கி, அதைக் கேட்டு வாடும் முகத்தையும் தேற்ற வேண்டும். இந்த நோட்டில் இப்போது நூற்றெண்பது பக்கம் நிரம்பிவிட்டது. என் லட்சியத்தை இதுவரை ஒரு விருந்தினரும் கேட்கவில்லை.

இன்னொன்றும் உண்டு. எங்களிடம் வருகிற வெளிநாட்டவரில் பலருக்கு ஆங்கிலம் தாய்மொழி அல்ல. பிரெஞ்சுக்காரர்கள் ‘ஹ’வை விழுங்கிவிடுவார்கள். நமக்கும் அது இரவல் எழுத்துதான், ஆகவே அந்த விஷயத்தில் ஒத்துப்போகிறோம். அவர்களிடம் நுனிநாக்கு ஆங்கிலம் செல்லாது. சின்னச் சின்ன வாக்கியம், நிதானம், தேவைப்பட்டால் ஒரு துண்டுக் காகிதத்தில் வரைபடம்.

ஆனந்தரங்கப் பிள்ளை, பிரெஞ்சு கவர்னர் துய்ப்ளேக்ஸிடம் துபாஷியாக இருந்த ஊர் புதுச்சேரி. இரு மொழி தெரிந்தவர் என்பதுதான் அந்தச் சொல்லுக்குப் பொருள். 1736 முதல் 1761 வரை, காதில் விழுந்ததையும் கண்ணில் பட்டதையும் தமிழில் நாட்குறிப்பாக எழுதி வைத்தார். என் நோட்டு அதன் கால்தூசி பெறாது. ஆனாலும் தொழில் நடக்கும் இடத்தில் காதைத் தீட்டி வைத்துக்கொள்வது இந்த ஊருக்குப் புதிதல்ல.

சிறப்பு ஆங்கிலம் என்று பலகை மாட்டுகிறவர்கள், பாடம் எழுதும் முன் ஒருநாள் எங்கள் வரவேற்பு மேசையருகே வந்து உட்காரட்டும். பிச்சாவரத்தில் படகு ஏறட்டும். அங்கே துடுப்பு வலிப்பவருக்கு வேண்டியது வேறு ஆங்கிலம்: எழுந்து நிற்காதீர்கள், வேரைப் பிடிக்காதீர்கள், இது சுரபுன்னை, அது நீர்க்காகம். ஆட்டோ ஓட்டுநருக்கு வாடகை பேசும் ஆங்கிலம். பயண முகவருக்குக் கடிதம் எழுதும் ஆங்கிலம், ‘டூ த நீட்ஃபுல்’ (ஆவன செய்யவும்) என்று நான் முடித்த கடிதத்துக்கு, “சரியாக நான் என்ன செய்ய வேண்டும்?” என்று ஒரு ஜெர்மன்காரர் திருப்பிக் கேட்டிருக்கிறார். எல்லாரையும் ஒரே அறையில் உட்கார வைத்து ‘டென்ஸ்’ நடத்துவதற்குச் சிறப்பு என்று ஏன் பெயர்?

எதிர்வீட்டுப் பெண்ணை இப்போதைக்குப் பணம் கட்ட வேண்டாம் என்று சொல்லியிருக்கிறேன். முதலில் போய், பாடத்திட்டத்தைக் காட்டச் சொல்லிக் கேட்கப்போகிறாள். என் நோட்டை ஜெராக்ஸ் எடுத்துக்கொள்ள விரும்பும் ஆசிரியர்கள் தாராளமாக வரலாம். பகல் 12 மணிக்கு அறைகள் காலியாகும், 2 மணிக்கு மேல்தான் அடுத்தவர்கள் வருவார்கள். அந்த இடைவெளியில் வந்தால் பேச நேரம் இருக்கும்.

இப்படிக்கு,
ஒரு வரவேற்பாளர்,
மஞ்சக்குப்பம், கடலூர்.