'இணை'யை எத்தனை இடத்தில்தான் வைப்பீர்கள்?

மென்பொருள்களைத் தமிழாக்கும் நண்பர்களுக்கு,

வணக்கம். உங்களில் பலர் காசு வாங்காமல், தூக்கத்தைக் கெடுத்துக்கொண்டு இதைச் செய்கிறீர்கள். அது தெரிந்தும் ஒரு குறை சொல்ல வேண்டியிருக்கிறது.

போன மாதம் ஒரு விரிதாளில் (ஸ்பிரெட்ஷீட்டில்) தலைப்பெழுத்து ஒரு கட்டத்திலும் பெயர் பக்கத்துக் கட்டத்திலும் இருந்தன. சேர்ந்து வரட்டும் என்று 'இணை' பொத்தானை அழுத்தினேன். ஏதோ எச்சரிக்கை வந்தது. வழக்கம்போலப் படிக்காமல் 'சரி' கொடுத்துவிட்டேன். 'மு.' மட்டும் அகலமான கட்டத்தின் நடுவே தனியாக நின்றது. பெயரைக் காணோம்.

ஆங்கிலத்தில் அந்தப் பொத்தானின் பெயர் 'மெர்ஜ்'. வேர், லத்தீனின் 'மெர்கெரே'. நீரில் அமிழ்த்துவது என்று பொருள். நாம் அன்றாடம் சொல்லும் 'எமர்ஜென்சி'கூட இந்த வேரில் முளைத்ததுதான்: அமிழ்ந்து கிடந்தது மேலே வருவது. 17ஆம் நூற்றாண்டில் ஆங்கிலத்துக்குள் வந்தபோதும் 'மெர்ஜ்' என்றால் மூழ்குவதுதான். அப்புறம் அதைச் சட்டக்காரர்கள் எடுத்துக்கொண்டார்கள். குத்தகைக்காரரே நிலத்தை விலைக்கு வாங்கிவிட்டால், அவருடைய குத்தகை உரிமை உடைமை உரிமைக்குள் அமிழ்ந்து இல்லாமல் போகும். இரண்டில் சின்னது காணாமல் போவது அந்தச் சொல்லுக்குள்ளேயே இருக்கிறது. என் விரிதாள் அதைத்தான் செய்தது. பொத்தானின் தமிழ்தான் வேறு சொன்னது.

சேர்ப்பதற்கு ஆங்கிலத்தில் இருக்கும் இன்னொரு சொல்லான 'கம்பைன்' வேறு சாதி. அதற்குள் இருக்கும் லத்தீன் 'பினி'க்கு இரண்டிரண்டாக என்று பொருள். நம் 'இணை'யும் அப்படித்தான். இணைவிழி, இணையடி என்கிறோம். சேர்ந்திருந்தாலும் இரண்டும் இரண்டாகவே இருக்கும். இவ்வளவு கச்சிதமான பொருத்தம் எப்போதாவதுதான் அமையும். அதை 'மெர்ஜு'க்குக் கொடுத்துவிட்டீர்களே!

கொடுத்தது அங்கே மட்டுமா? மின்னஞ்சலோடு போகும் கோப்பும் இணைப்பு, சொடுக்கினால் வேறு பக்கத்துக்குக் கொண்டுபோவதும் இணைப்பு, வைஃபை கிடைத்தாலும் இணைப்பு. 'இணைப்பு இல்லை' என்று திரையில் வந்தால் எது இல்லை என்று தேட வேண்டியிருக்கிறது.

'மெர்ஜு'க்கு 'ஒன்றாக்கு' போதும். 'கல' என்றும் வைக்கலாம், ஆனால் விரிதாளின் கட்டத்தைக் 'கலம்' என்றும் சொல்வதால், 'கலங்களைக் கல' என்று பட்டியில் (மெனுவில்) பார்த்தால் எனக்குச் சிரிப்பு வரும். சொல்லை மாற்ற நாளாகும் என்றால், பொத்தானின் மேல் சுட்டியை வைத்ததும் தெரியும் குறிப்பிலாவது ஒரு வரி சேருங்கள்: 'இடது மேல் கட்டத்தில் இருப்பது மட்டும் மிஞ்சும்.'

அன்புடன்,
எச்சரிக்கையைப் படிக்காத ஒரு பயனர்