"முலுங்குங்க, அபோ"

யாங்கூன் சொந்தங்களுக்கு,

அப்பா ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்துவிட்டார். காய்ச்சல் இல்லை, நெஞ்சுச் சளியும் இறங்கியிருக்கிறது. அந்தப் பதினோரு நாள் எப்படிப் போனது என்று உங்களுக்கே தெரியும். பாதிப்பேர் வராந்தாவில்தானே கிடந்தீர்கள்.

ஒரு பெண்ணைப் பற்றி மட்டும் எழுதியே ஆக வேண்டும். பெயர் போடாதீர்கள் என்று கேட்டுக்கொண்டாள். இரவு டியூட்டி சயாமா (நர்ஸ்), இருபத்தைந்து வயதுகூட இருக்காது. ஜுரத்தில் அப்பாவுக்குப் பர்மியப் பேச்சே ஏறவில்லை. நாற்பது வருஷம் அந்த மொழியில் கடை நடத்திய மனிதர்! அவள் என் பக்கம் திரும்பி, தன் தொண்டையைத் தொட்டுக் காட்டி, "இதை உங்கள் பாஷையில் எப்படிச் சொல்வது?" என்றாள். சொன்னேன். உள்ளங்கையில் பர்மிய எழுத்தில் எழுதிக்கொண்டாள்.

அப்புறம் அப்பாவை நிமிர்த்தி உட்காரவைத்து, ஒரு டீஸ்பூன் தண்ணீர் கொடுத்தாள். தொண்டை மேல் இரண்டு விரல். "முலுங்குங்க, அபோ." அபோ என்றால் பர்மியத்தில் தாத்தா. ழகரம் வரவில்லை அவளுக்கு. முகமே அசையாத இந்தப் பார்க்கின்சன் நோயில் அப்பாவின் உதட்டோரம் லேசாக இழுத்ததைப் பார்த்தேன்.

ஒவ்வொரு ஸ்பூனுக்கும் பிறகு "ஆ" சொல்ல வைத்து, காதைக் கிட்டே கொண்டுபோய்க் கேட்டாள். நாலாவது ஸ்பூனில் அந்த "ஆ" தண்ணீருக்குள்ளிருந்து வருவதுபோல் கொழகொழத்தது. உடனே நிறுத்திவிட்டாள். "இருமவே இல்லையே, அப்ப சரிதானே?" என்றேன். அதுதான் பயம் என்றாள். பார்க்கின்சனில் தொண்டையின் உணர்வு மங்கிப்போகலாம். தண்ணீர் நுரையீரல் பக்கம் இறங்கினாலும் இருமல் வராது. மறுநாள் பேரியம் என்ற வெள்ளைக் கரைசலைக் குடிக்கவைத்து எடுத்த எக்ஸ்ரே படத்தில் அவள் காதால் கேட்டதைக் கண்ணால் பார்த்தோம். டீ குடித்ததும் குரல் மாறுவதை ஒரு வருஷமாக வயசு என்று விட்டிருந்தவர்கள் நாங்கள்.

மற்றவர்களையும் மறக்கவில்லை. முதல் ராத்திரி கரண்டில்லாத தெருவில் வண்டி எடுத்துவந்த பாய், தன்லினிலிருந்து பஸ் ஏறி வந்து முறைவைத்து உட்கார்ந்த தம்பிகள், கஞ்சி காய்ச்சிய அத்தைமார், காளி கோயிலில் அர்ச்சனை செய்தவர்கள், எல்லாருக்கும் கும்பிடு. தெருமுனையில் மொஹிங்கா (மீன் சாற்று நூடுல்ஸ்) விற்கும் அக்காவுக்குத் தனியாக ஒன்று. நீர்ச் சாறும் நூடுல்ஸும் ஒரே வாயில் போனால் அப்பாவுக்கு ஆகாது என்றதும், வறுத்த அரிசி மாவைக் கூடப் போட்டுச் சாற்றைக் கெட்டியாக்கி, நூடுல்ஸை மசித்து, மொறுமொறு வடையை ஒதுக்கித் தருகிறார். கூடுதல் காசு வாங்க மாட்டேன் என்கிறார்.

இப்போது மாத்திரை வேலை செய்யும் நேரத்தில்தான் சாப்பாடு. சாப்பிட்டு அரைமணி நேரம் படுக்கவிடுவதில்லை. ராத்திரி பல் துலக்காமல் தூக்கமும் இல்லை; வாயில் இருக்கும் கிருமிதான் கீழே போகிறதாம். இனி கோயில் பந்தியில் எந்தப் பெரியவருக்காவது குடித்ததும் குரல் நனைந்து கேட்டால், பக்கத்தில் போய் விசாரிக்கப்போகிறேன். திட்டினாலும் சரி.

இன்று காலை அம்மா ஸ்பூனை நீட்டி, "முழுங்குங்க" என்றார். அப்பா வாயைத் திறக்கவில்லை. மெல்லிய குரலில், "அந்தப் பிள்ளை சொல்ற மாதிரி சொல்லு" என்றார்.