ஊறுகாய் டப்பாவுக்கு அடியில்

அன்பு மகளுக்கு,

அரிசி 10 கிலோ அனுப்பியிருக்கிறேன், பெரியப்பா வயலில் விளைந்த கோஷிஹிகாரிதான். பாட்டி போட்ட ஊறுகாயும் இருக்கிறது. பிரித்ததும் ஃபிரிட்ஜில் வை. டோக்கியோவில் வெயில் அடிக்கிறதாமே. இங்கே நீகாட்டாவில் பனி முழங்கால் உயரம். அப்பா காலையும் மாலையும் வாரித் தள்ளுகிறார்.

ஷிமோகிதாசாவா நாடகத்துக்கு ஒத்திகை தொடங்கியாயிற்றா? பகலெல்லாம் கடையில் நின்றுவிட்டு ராத்திரியில் ஒத்திகை என்றால் தொண்டை தாங்குமா? 2024 புத்தாண்டன்று நிலம் ஆடியபோது உடனே பதறிப்போய்க் கூப்பிட்டவள் நீ. இந்தப் புத்தாண்டுக்கு வந்து போனதிலிருந்து ஒரு வார்த்தை இல்லை. உனக்கு வேலை அதிகம் என்று அப்பாவிடம் சொல்லி வைத்திருக்கிறேன்.

புதிய ஏஜென்சியில் ஒப்பந்தம் போடப்போகிறாய் என்று தம்பி சொன்னான். முழுதாகப் படி. எத்தனை வருஷம், வெளியே நடிக்க விடுவார்களா, விலகினால் உன் மேடைப் பெயரை நீயே வைத்துக்கொள்ளலாமா, எல்லாவற்றையும் கேள். முத்திரை குத்தினால் கையெழுத்துப் போட்ட மாதிரிதான், அவசரப்பட்டுக் குத்திவிடாதே.

சின்ன வயதில் நீ மேடையேறிய நகானோ சன்பிளாசா அரங்கை 2023 ஜூலையில் மூடியபோது டிவியில் காட்டினார்கள். 2,222 இருக்கை. உனக்காக ரசிகர்கள் ஆட்டிய மஞ்சள் விளக்குகள் இன்னும் என் கண்ணில் நிற்கின்றன. 9 மணிக்குமேல் சின்னப் பிள்ளைகளை மேடையில் நிறுத்தக் கூடாது என்று பாதியில் இறக்கிவிட்டார்கள். உடைகூட மாற்றாமல் என் மடியில் தூங்கிப்போனாய். இப்போது எண்பது பேர் உட்காரும் அரங்கில் கிழவி வேஷம் போடுகிறாய். நர்ஸ் படிப்புக்குப் போ என்றேன், கேட்டாயா? ஆனால் நவம்பரில் வந்து பார்த்தேனே, மைக் இல்லாமல் உன் குரல் கடைசி வரிசைவரை வந்தது. பக்கத்தில் இருந்த அம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டார். என் மகள் என்று சொல்ல வாய் வரை வந்தது, சொல்லவில்லை.

படிக்காமல் முத்திரை குத்தாதே. உன் முத்திரையை யார் கையிலும் கொடுக்காதே.

2022 ஏப்ரலில் வயதுவரம்பு 20இலிருந்து 18 ஆனபோது நீ ஒரே நாளில் சட்டப்படி பெரியவளானாய். உன் சம்பளம் போட்டுவைத்த பாஸ்புக்கையும் முத்திரையையும் அன்றைக்கே கொடுத்திருக்க வேண்டும். புத்தாண்டுக்கு நீ கேட்டபோது, தேடி வைக்கிறேன் என்றேன். தேடுவதற்கு என்ன இருக்கிறது, சாமி மாடத்து இழுப்பறையில்தான் கிடந்தது. அதில் பணம் இல்லை, கண்ணு. 2015இல் கடைக் கடனுக்காக முதல் தடவை எடுத்தேன், திருப்பிப் போட்டுவிடலாம் என்றுதான். பிறகு தம்பியின் ஃபீஸ், பிறகு கூரை. உன் பெயர் செதுக்கிய முத்திரையை ஒவ்வொரு தடவையும் நான்தான் குத்தினேன். அப்பாவுக்குப் பாதிதான் தெரியும்.

பன்னிரண்டு வயதில் ஷின்கான்சென் ரயிலில் வைத்து, போதும்மா, விட்டுவிடுகிறேன் என்று அழுதாய். இன்னும் ஒரு வருஷம் பொறுத்துக்கொள் என்றேன். உன் நல்லதுக்குத்தான் சொன்னேன் என்று இத்தனை நாள் எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். அப்போது கடனில் பாதி பாக்கி இருந்தது.

ஊறுகாய் டப்பாவுக்கு அடியில் ஓர் உறை இருக்கிறது. பாஸ்புக்கும் முத்திரையும் அதில்தான். இந்த மாதம் 30,000 யென் போட்டிருக்கிறேன், மாதாமாதம் போடுவேன்.

என்னோடு பேச மனமில்லாவிட்டால், அரிசி வந்துவிட்டது என்று தம்பிக்காவது ஒரு வரி அனுப்பு. ஊறுகாயை வெளியே வைத்துவிடாதே.

அம்மா