நம் மாவட்டத்தில் காடு இல்லையா?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

கிறிஸ்துமஸ் விடுமுறைக்கு வீட்டில் எல்லாருமாக ஹரித்வார் போயிருந்தோம். திருக்குறள் எக்ஸ்பிரஸில் டெல்லி, அங்கிருந்து ஹரித்வார். கங்கைக் குளியலும் கோயிலும்தான் திட்டம், ஆனால் கடைசியில் ஒரு நாள் கையில் இருந்ததால் ஒரு காலைப்பொழுது பக்கத்தில் உள்ள ராஜாஜி தேசியப் பூங்காவுக்குப் போய்வந்தோம். அங்கே கேட்ட ஒரு கேள்விதான் இந்தக் கடிதம்.

பெயர் நம் ராஜாஜியின் பெயரேதான். ராஜாஜி, மோத்திச்சூர், சில்லா என்ற மூன்று சரணாலயங்களைச் சேர்த்து 1983-ல் உருவானது, சுமார் 820 சதுர கிலோமீட்டர், 2015 முதல் புலிகள் காப்பகம். இமயமலை தொடங்குகிற அடிவாரம் அது. ஆறுகள் எல்லாம் வற்றி, உருண்டைக் கல்லும் மணலுமாக அகலமாகக் கிடக்கின்றன, ஜீப் அதற்குள்ளேயே இறங்கி ஏறிப் போகிறது. மழை வந்தால் இதே இடத்தில் வெள்ளம் பாயும் என்பதால் ஜூன் நடுவில் மூடி நவம்பர் நடுவில்தான் திறக்கிறார்களாம்.

நாங்கள் போனது சில்லா வாசல் வழி. ஒரே பனிமூட்டம், நிமிர்ந்து நிற்கும் சால மரங்கள். வழிகாட்டியாக வந்தவருக்கு ஐம்பது வயதிருக்கும். ஓரிடத்தில் வண்டியை நிறுத்தச் சொல்லிவிட்டு உதட்டில் விரல் வைத்தார். மரத்தின் மேலே லங்கூர் குரங்குகள் தின்றது போக இலைகளை உதிர்க்க, கீழே புள்ளிமான்கள் அதைப் பொறுக்கித் தின்றுகொண்டிருந்தன. குரங்குக்கு உயரத்திலிருந்து தூரம் தெரியும், மானுக்கு மோப்பம் தெரியும், புலியோ சிறுத்தையோ வந்தால் யார் முதலில் அறிகிறார்களோ அவர்கள் குரல் கொடுப்பார்கள், மற்றவர்கள் தப்பிவிடுவார்கள் என்று மெதுவாகச் சொன்னார். ராணுவத்தில் இருக்கும் தங்கச்சி மாப்பிள்ளை இந்தியிலிருந்து எங்களுக்குச் சொல்லித் தந்தார். கால் மணி நேரம் காத்திருந்தும் புலி வரவில்லை. அதனால் எனக்கு ஒரு குறையும் இல்லை, அந்தக் கால் மணி நேரத்தில் நான் பார்த்தது போதும். சற்றுத் தள்ளி, பாதை நடுவில் ஆவி பறக்க யானை லத்தி கிடந்தது. நாரும் கொட்டையுமாக இருந்த அதைக் காட்டி, இந்தக் கொட்டைகள் முளைத்துத்தான் காடு வளரும் என்றார்.

தங்கச்சி மகன் கையிலிருந்து ஒரு மிட்டாய்த் தாள் பறந்துவிட்டது. ஓட்டுநர் ஒரு வார்த்தை திட்டவில்லை. வண்டியைப் பின்னால் எடுத்தார், வழிகாட்டி குனிந்து கையை நீட்டி எடுத்து, மடித்துத் தன் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். அவ்வளவுதான்.

அப்புறம் எந்த ஊர் என்று விசாரித்தார். கன்னியாகுமரி என்றோம். "உங்கள் ஊரில் காடு உண்டா?" என்று கேட்டார். எட்டாம் வகுப்பு படிக்கிற பையன் முந்திக்கொண்டு, "காடெல்லாம் இல்லை, கடல்தான்" என்றான். எங்களில் ஒருவரும் அவனைத் திருத்தவில்லை. விவேகானந்தர் பாறை, வள்ளுவர் சிலை என்று பேச்சு போய்விட்டது. திரும்பி வரும் ரயிலில்தான் எனக்கு அது உறைத்தது, இன்னும் மனதை விட்டுப் போகவில்லை.

நம் மாவட்டத்தில் 402 சதுர கிலோமீட்டர் வனவிலங்கு சரணாலயம். மாவட்டத்தின் மொத்தப் பரப்பில் ஏறக்குறைய கால் பங்கு அது. 2008-ல் அறிவித்தார்கள். யானை, மிளா என்கிற கடமான், காட்டெருமை, வரையாடு, சிங்கவால் குரங்கு எல்லாம் உண்டு. நம் பக்கம் கடுவா என்று சொல்கிற புலியும் உண்டு. பரளியாறும் கோதையாறும் இறங்கி வருவது இந்த மலையிலிருந்துதான். பெருஞ்சாணியிலும் 1906-ல் கட்டி முடித்த பேச்சிப்பாறையிலும் தேங்கி, சானல் வழியே நாஞ்சில் நாட்டு வயலுக்கு வருவது இந்தக் காட்டின் தண்ணீர். அந்தச் சானலில் தினமும் குளித்து வளர்ந்தவன் நான், என் வீட்டுப் பையன் காடு இல்லை என்கிறான்!

இதற்கு ஒரு காரணம் எனக்குத் தோன்றுகிறது. குலசேகரம் தாண்டிப் பேச்சிப்பாறை போகிற வழியெல்லாம் ரப்பர். வரிசையாக நட்டு, சிரட்டை கட்டிப் பால் எடுக்கும் மரங்களைப் பார்த்துக்கொண்டே போகிறோம், அணையில் இறங்கிப் படம் எடுக்கிறோம், சாப்பிட்டுவிட்டுத் திரும்பிவிடுகிறோம். காடு அதற்கும் அப்பால் இருக்கிறது. காடு என்ற பேச்சு இங்கே எழுவதே நிலத் தகராறோ, மரம் வெட்டும் தகராறோ, யானை வந்து வாழையைச் சாய்த்த தகராறோ வரும்போதுதான். வாழை போட்டவருடைய கஷ்டம் பெரிது, அதை நான் மறுக்கவில்லை. ஆனால் தகராறாக மட்டுமே அறிமுகமாகும் காட்டின் மேல் பிள்ளைகளுக்கு எப்படிப் பிரியம் வரும்?

ராஜாஜியில் இருப்பதுபோல ஜீப் சவாரி வேண்டும் என்று நான் கேட்கவில்லை, தயவுசெய்து அப்படி யாரும் தொடங்கிவிடவும் வேண்டாம். நம்முடையது செங்குத்தான மழைக்காடு, வண்டிக்கூட்டத்தைத் தாங்காது. நான் கேட்பது சின்ன விஷயம். ஒவ்வொரு பள்ளியிலும் எட்டாம் வகுப்புப் பிள்ளைகளை வருடத்துக்கு ஒரு நாள், இருபது பேராக, வனத்துறை அனுமதிக்கும் ஓரப் பாதை வரைக்கும் கூட்டிப் போகட்டும். வழி காட்ட அந்த மலையின் பழங்குடிகளான காணிக்காரர்களை அழைக்கட்டும், அதற்கு உரிய கூலி கொடுக்கட்டும். அந்த மலையை அவர்களைவிட அறிந்தவர்கள் யார்?

உங்கள் நாளிதழுக்கும் ஒரு வேண்டுகோள். குமரி மாவட்டப் பக்கத்தில் வாரம் ஒரு முறை நம் காட்டின் ஒரு விலங்கையோ மரத்தையோ படத்தோடு போடுங்கள். முதல் வாரம் மிளாவைப் போடுங்கள். பையனுக்கு வெட்டி ஒட்ட ஒரு நோட்டு வாங்கி வைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
நாகர்கோவில்