ரடர் பெடல் பழுதுக்கு டெட் ஜோன் மருந்தல்ல: மாற்றித் தரக் கோரும் புகார்

பெறுநர்
மேலாளர் அவர்கள்,
வாடிக்கையாளர் சேவைப் பிரிவு.

பொருள்: வீட்டு ஃப்ளைட் சிமுலேட்டருக்கான ஜாய்ஸ்டிக், ரடர் பெடல் செட் – பெடல் சென்சார் பழுது, கையேட்டில் விடுபட்டவை – தொடர்பாக.

ஐயா / அம்மையீர்,

வணக்கம். உங்கள் நிறுவனத்தின் ஜாய்ஸ்டிக், ரடர் பெடல் செட்டை மைக்ரோசாஃப்ட் ஃப்ளைட் சிமுலேட்டரிலும் எக்ஸ்-பிளேனிலும் பயன்படுத்துகிறேன். ஜாய்ஸ்டிக்கில் குறை சொல்ல ஒன்றுமில்லை. விமானத்தின் மூக்கை இடவலமாகத் திருப்பும் ரடரைக் காலால் இயக்கும் பெடலில்தான் சிக்கல். இதைத் தெரிவித்தபோது, "டெட் ஜோனை 15 சதவீதம் வையுங்கள், சென்சிடிவிட்டியைக் குறையுங்கள், சரியாகிவிடும்" என்று பதில் வந்தது. டெட் ஜோன் என்பது நடுநிலையைச் சுற்றி, மிதித்தாலும் கணக்கில் வராத பகுதி. அது ஏன் சரியாகாது என்பதை அளவுகளோடு எழுதுகிறேன். தயவுசெய்து இதை உங்கள் தொழில்நுட்பப் பிரிவின் பார்வைக்கு அனுப்புங்கள்.

விண்டோஸில் கேம் கன்ட்ரோலர் அமைப்பைத் திறந்து, கேலிபரேஷன் செய்யும் இடத்தில் ரா டேட்டாவை (திருத்தப்படாத மூல எண்களை) காட்டச் சொன்னால், பெடல் அனுப்பும் எண் அப்படியே தெரியும். சிமுலேட்டரின் செட்டிங் எதுவும் அதில் கலக்காது. இந்தப் பெடலின் வீச்சு 0 முதல் 1023 வரை; காலை எடுத்தால் 512 அருகே வந்து நிற்க வேண்டும். இடது பெடலை மிதித்துக் காலை எடுத்தால் 498-இல் நிற்கிறது, வலதை மிதித்துக் காலை எடுத்தால் 531-இல் நிற்கிறது. இது மட்டும் என்றால் 4 சதவீத டெட் ஜோனில் அடங்கிவிடும். புகாரே எழுதியிருக்க மாட்டேன். ஆனால் வலது பெடலை முக்கால் தூரம் மிதித்து, காலை அசைக்காமல் பிடித்திருக்கும்போதும் எண் 60, 70 அளவுக்குத் தாவித் தாவித் திரும்புகிறது. டெட் ஜோன் நடுவில் வரும் ஆட்டத்தைத்தான் அடக்கும். முக்கால் தூரத்தில் வரும் தாவலை அது தொடவே தொடாது.

சென்சிடிவிட்டியைக் குறைப்பது இன்னும் மோசம். மைனஸ் 30 என்று வைத்தால், எவ்வளவு மிதித்தால் ரடர் எவ்வளவு திரும்பும் என்று காட்டும் வளைகோடு நடுவில் படுத்து, ஓரங்களில் செங்குத்தாக ஏறும். ஜாய்ஸ்டிக்குக்கு அது நல்ல அமைப்பு, நானும் அப்படித்தான் வைத்திருக்கிறேன். ஆனால் பெடலின் தாவல் வருவதே அந்தச் செங்குத்தான பகுதியில். ஆகவே நீங்கள் சொன்ன செட்டிங் தாவலைப் பெரிதாக்கித்தான் காட்டுகிறது.

15 சதவீத டெட் ஜோன் என்றால் என்ன என்பதையும் பாருங்கள். பெடல் ஒரு பக்கம் 40 மில்லிமீட்டர் நகர்கிறது. அதில் முதல் 6 மில்லிமீட்டருக்கு எந்த விளைவும் இருக்காது. செஸ்னா 172 என்ற சிறு விமானம் முழு பவரில் ரன்வேயில் ஓடும்போது மூக்கு இடது பக்கம் இழுக்கும். வலது ரடரைத் துளித் துளியாகக் கொடுத்து நடுக்கோட்டில் பிடிக்க வேண்டும். அந்தத் துளித் திருத்தங்களில் பெரும்பாலானவை இந்த 6 மில்லிமீட்டருக்குள்தான் நடக்கின்றன. டெட் ஜோன் அதை விழுங்கிவிட்டால், மிதித்தும் மூக்கு அசையாது. இன்னும் கொஞ்சம் அழுத்தினால் ஒரேயடியாகத் திரும்பும்.

எண் தாவுவதற்குக் காரணம், பெடலின் நிலையை அளக்க உள்ளே இருக்கும் பொட்டென்ஷியோமீட்டர். கார்பன் தடத்தின் மேல் உரசிச் செல்லும் தொடுமுனை, தூசு படிந்த இடத்திலோ தடம் தேய்ந்த இடத்திலோ ஒட்டாமல் போகும்போது எண் தாவுகிறது. தூசு என்றால் கான்டாக்ட் கிளீனர் அடித்துப் பெடலை இரு பக்கமும் பலமுறை ஓட்டினால் தீரும். தேய்மானம் என்றால் தீராது. எது என்று திறந்து பார்க்கலாமென்றால், அடிப்பக்கத் திருகின் மேல் ஒட்டியிருக்கும் சீல் கிழிந்தால் வாரண்டி போய்விடும் என்கிறீர்கள். அப்படியானால் திறந்து பார்க்க வேண்டிய பொறுப்பு உங்களுடையது.

பெடலுக்குள்ளேயே இருக்கும் மென்பொருளான ஃபர்ம்வேர் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். யுஎஸ்பி இணைந்ததும் பெடல் தன் வீச்சைப் புதிதாகக் கற்கத் தொடங்குகிறது. இரு பக்கமும் கடைசிவரை ஒருமுறை மிதிக்கும்வரை, பாதி மிதியையே முழு ரடர் என்று அனுப்புகிறது. இது கையேட்டில் ஒரு வரிகூட இல்லை. மின்சாரத்தைச் சேமிக்க விண்டோஸ் அந்த யுஎஸ்பி போர்ட்டைத் தூங்க வைத்து எழுப்பினால், பறந்துகொண்டிருக்கும்போதே வீச்சு மாறிப்போகும். டிவைஸ் மேனேஜரில் யுஎஸ்பி ஹப்பின் பவர் மேனேஜ்மென்ட் பகுதிக்குப் போய், சாதனத்தை அணைக்க அனுமதிக்கும் டிக்கை எடுத்தால் இது நிற்கும். வாங்குபவர் இதைத் தானே தேடிக் கண்டுபிடிக்க வேண்டியிருப்பது நியாயமில்லை.

கையேட்டில் விடுபட்டவை இன்னும் உண்டு. பெடலின் மேல்பகுதியைக் கால்நுனியால் அழுத்திப் பிடிக்கும் டோ பிரேக் இரண்டும் தலைகீழாக எண் அனுப்புகின்றன. சிமுலேட்டரின் செட்டிங்கில் இடது, வலது பிரேக் ஆக்சிஸ் (அச்சு) இரண்டிலும் ரிவர்ஸ் டிக் போடாவிட்டால், காலை எடுத்த நிலையில் முழு பிரேக் பிடித்தபடி விமானம் நகரவே மறுக்கும். ஜாய்ஸ்டிக்கின் பிடியை முறுக்கினால் இயங்கும் முறுக்கு அச்சும் தானாகவே ரடருக்கு ஒதுக்கப்படுகிறது. அதை நீக்காவிட்டால் பெடலும் முறுக்கும் ஒரே ரடருக்குப் போட்டி போடும். புதிதாக வாங்குகிறவர் இவற்றையெல்லாம் பழுது என்று நினைத்துத் தவிப்பார்.

நான் கேட்பது இவைதாம். பெடல் தொகுதியை ஹால் சென்சார் உள்ளதாக மாற்றித் தாருங்கள். காந்தப்புலத்தை அளப்பதால் அதில் உரசித் தேயும் தடம் கிடையாது. அப்படி ஒன்று உங்களிடம் இல்லையென்றால் முழுத் தொகையைத் திருப்பித் தாருங்கள். அதே வகைப் பொட்டென்ஷியோமீட்டரைப் புதிதாகப் போட்டு அனுப்புவதை நான் ஏற்க மாட்டேன். வீச்சை ஒருமுறை பதிந்து பூட்டிவைக்கும் கேலிபரேஷன் மென்பொருளையும், மேலே சொன்ன குறிப்புகள் சேர்த்த கையேட்டையும் எல்லா வாடிக்கையாளர்களுக்கும் வெளியிடுங்கள்.

பில் நகலையும், எண் தாவுவதைக் காட்டும் திரைப்பதிவையும் இணைத்துள்ளேன். கடிதம் கிடைத்த 15 நாட்களுக்குள் எழுத்தில் பதில் தேவை. இல்லையேல் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019-இன்கீழ் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் முறையிடுவேன்.

இப்படிக்கு,
தங்கள் வாடிக்கையாளர்

இணைப்பு: பில் நகல், திரைப்பதிவு