ஜேவி, ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளுக்கும் ஹெல்மெட் உறை: நன்கொடை வேண்டுகோள்

டாலஸ் வடபுறநகரில் வாழும் தமிழ்ப் பெற்றோர்களுக்கும் நண்பர்களுக்கும் நம் பள்ளி அமெரிக்கன் ஃபுட்பால் பெற்றோர் குழுவின் வணக்கம்.

ஆகஸ்ட் பயிற்சி தொடங்குமுன் 90 ஹெல்மெட் உறைகள் வாங்கியாக வேண்டும். பள்ளியின் முதன்மை அணியான வார்சிட்டிக்கு, அணிகளுக்கு நிதி திரட்டும் பூஸ்டர் கிளப் ஏற்கெனவே வாங்கிக் கொடுத்துவிட்டது. அதற்கு அடுத்த நிலை அணியான ஜேவியும் (ஜூனியர் வார்சிட்டி) ஒன்பதாம் வகுப்பு அணியும் இன்னும் வெறும் ஹெல்மெட்டோடுதான் மோதிக்கொள்கின்றன. உடம்பு இன்னும் முற்றாத, டேக்கிள் செய்யவே, அதாவது பந்தோடு ஓடுபவரைப் பிடித்து வீழ்த்தவே, இப்போதுதான் கற்றுக்கொள்ளும் பிள்ளைகள் அவர்கள். முதலில் அவர்களுக்குத்தான் கிடைத்திருக்க வேண்டும் என்பது எங்கள் எண்ணம்.

அமெரிக்கத் தொழில்முறை ஃபுட்பால் லீகான என்எஃப்எல்லின் பயிற்சி முகாம்களை டிவியில் பார்த்தவர்களுக்கு இந்த உறை தெரிந்திருக்கும். ஹெல்மெட்டின் மேல் மாட்டுகிற, மெத்தென்ற திண்டுகள் வைத்த உறை. கார்டியன் கேப் என்பது பரவலாகத் தெரிந்த பெயர். ஹெல்மெட் இருக்கும்போது இது எதற்கு என்று பலர் கேட்கிறார்கள். கெட்டியான ஹெல்மெட் மண்டையோடு உடையாமல் காக்கிறது, அதை நன்றாகவே செய்கிறது. ஆனால் மூளை மண்டையோட்டுக்குள் திரவத்தில் மிதந்துகொண்டிருக்கிறது. ஓடுகிற பஸ் சட்டென்று பிரேக் போட்டால் நிற்பவர்கள் முன்னால் சாய்வதுபோல, தலை திடீரென்று நின்றாலோ திரும்பினாலோ மூளை உள்ளே குலுங்கி இழுபடுகிறது. கன்கஷன் என்கிற மூளை அதிர்ச்சி அதனால் வருவது. மோதலின் வேகத்தைக் கொஞ்சமாவது உறிஞ்சிக்கொள்ள வெளிப்பக்கம் மெத்தென்று இருக்கட்டும் என்பதுதான் உறையின் கணக்கு. இது புதிய யோசனையும் அல்ல. பஃபலோ பில்ஸ் அணியின் மார்க் கெல்சோ 1990களின் தொடக்கத்திலேயே ஹெல்மெட்டின் மேல் நுரைத் திண்டு ஒட்டிக்கொண்டு ஆடினார்.

2022இல் அதிகம் மோதிக்கொள்ளும் இடங்களில் ஆடும் லைன்மேன், டைட் எண்ட், லைன்பேக்கர் ஆகியோர் பயிற்சி முகாமில் உறை அணிவதை என்எஃப்எல் கட்டாயமாக்கியது. முந்தைய மூன்று ஆண்டுகளின் சராசரியோடு ஒப்பிட்டால் அந்த இடங்களில் ஆடுபவர்களின் கன்கஷன் 52 சதவீதம் குறைந்ததாக அறிவித்தது. 2024 முதல் போட்டிகளிலும் விரும்புகிறவர்கள் அணியலாம்.

இந்த எண்ணை மட்டும் காட்டிப் பணம் கேட்பது நியாயமில்லை. என்எஃப்எல் வீரர்கள் அணிவது தடிமன் கூடிய வகை. பள்ளிகளுக்கு வருவது அதைவிட மெல்லியது. 2023 சீசனில் விஸ்கான்சின் மாநிலத்தில் சுமார் 2,600 உயர்நிலைப் பள்ளி வீரர்களைத் தொடர்ந்து கவனித்த ஆய்வு, பயிற்சியில் உறை அணிந்தவர்களுக்கும் அணியாதவர்களுக்கும் கன்கஷன் விகிதத்தில் வேறுபாடு இல்லை என்று கண்டது. இதைப் படித்த பிறகு எங்கள் குழுவிலேயே சிலர் வேண்டாம் என்றார்கள். நீண்ட நேரம் பேசினோம்.

வாங்கலாம் என்று முடிவெடுத்ததற்குக் காரணம் இது. கன்கஷன் என்று பெயர் வாங்காத அடிகளே அதிகம். தலை சுற்றாது, வாந்தி வராது, பையன் எழுந்து அடுத்த ஆட்டத்துக்கு நின்றுவிடுவான். முன்னாள் வீரர்கள் 631 பேரின் மூளைகளை வைத்து நடந்து 2023இல் வெளியான ஆய்வு, சிடிஇ என்ற மூளைச் சிதைவு நோய்க்குக் கன்கஷன் எண்ணிக்கையைவிட, ஆடிய காலம் முழுவதும் தலை வாங்கிய அடிகளின் மொத்த வலிமையே நெருங்கிய தொடர்புள்ளது என்று காட்டியது. உறை போட்டால் அந்த நோய் வராது என்று யாரும் நிரூபிக்கவில்லை. நாங்களும் அப்படிச் சொல்ல மாட்டோம். வாரம் முழுவதும் பயிற்சியில் விழும் அடிகளில் ஒரு பங்காவது தணியுமென்றால், 75 டாலர் அதற்குப் பெரிய தொகை அல்ல என்று நினைக்கிறோம்.

அவரவர் பிள்ளைக்கு அவரவர் வாங்கினால் போதாதா என்ற கேள்வியும் வந்தது. மோதும் இருவரில் ஒருவர் உறை அணிந்தால் அடியின் கடுமை குறைந்தது 10 சதவீதமும், இருவரும் அணிந்தால் 20 சதவீதமும் குறைவதாக என்எஃப்எல்லின் ஆய்வகக் கணக்கு சொல்கிறது. என் பையன் தலையில் இருக்கும் உறை உங்கள் பையனுக்கும் பயன்படுகிறது. ஆகவே வாங்க முடிந்த வீடு, முடியாத வீடு என்று பிரிக்காமல் அணி முழுவதற்கும் ஒரே நாளில் கொடுக்க விரும்புகிறோம்.

எங்கள் இலக்கு 9,000 டாலர். உறைகளுக்கு 6,750. மீதி 2,250 சீசன் தொடங்குமுன் ஒவ்வொரு பிள்ளைக்கும் செய்யும் பேஸ்லைன் சோதனைக்கு. நினைவாற்றலும் எதிர்வினை வேகமும் இயல்பாக எப்படி இருக்கின்றன என்று முன்பே பதிந்து வைத்தால்தான், அடிபட்ட பிறகு ஒப்பிட்டுப் பார்க்க முடியும். உறையைவிட இந்தச் சோதனைதான் முக்கியம் என்று சொல்லும் பெற்றோரும் குழுவில் இருக்கிறார்கள்.

உறை வந்துவிட்டதென்று தலையால் முட்டப் பழகிவிடக் கூடாது. முழு மோதல் பயிற்சி ஒரு மாணவருக்கு வாரம் 90 நிமிடத்துக்கு மேல் கூடாது என்ற டெக்சஸ் விதியும், தலையை நிமிர்த்தி டேக்கிள் செய்யும் பயிற்சியும் அப்படியே தொடரும். கன்கஷன் சந்தேகம் வந்தால் அன்றே ஆட்டத்திலிருந்து விலக்க வேண்டும், மருத்துவர் எழுதிக் கொடுத்து பெற்றோரும் கையெழுத்திட்ட பிறகே திரும்ப விட வேண்டும் என்பது 2011 முதல் இந்த மாநிலச் சட்டம். வீட்டில் பையன் தலைவலி என்றால், வெளிச்சம் கண்ணைக் கூசுகிறது என்றால், மறைக்காமல் கோச்சிடம் சொல்லுங்கள். அடுத்த ஆட்டம் போய்விடுமே என்று பிள்ளைகள் மறைப்பார்கள். பெற்றோர் மறைக்க வேண்டாம்.

25 டாலரோ 75 டாலரோ, இயன்றதைக் கொடுங்கள். ஃபுட்பால் ஆடும் பிள்ளை வீட்டில் இல்லாதவர்களையும் கேட்கிறோம். காசோலையை பூஸ்டர் கிளப் பெயரில் எழுதி, மெமோவில் ‘ஹெல்மெட் உறை’ என்று குறிப்பிடுங்கள். வரிவிலக்குக்கான ரசீது கிளப் தரும். நீங்கள் கொடுக்கும் அளவுக்கு உங்கள் கம்பெனியும் கொடுக்கும் மேட்சிங் இருந்தால் மறக்காமல் விண்ணப்பியுங்கள். 75 டாலர் 150 ஆகும், இரண்டு தலைகளுக்கு உறை கிடைக்கும். ஞாயிறு தமிழ் வகுப்பு முடிந்ததும் வாசலில் எங்கள் குழுவினர் இருப்பார்கள். ஜூலை 20க்குள் பணம் சேர்ந்தால்தான் ஆர்டர் நேரத்துக்கு வந்து சேரும். வரவு செலவுக் கணக்கைக் கொடுத்தவர்கள் எல்லோருக்கும் அனுப்புவோம். இலக்குக்கு மேல் சேர்வது நடுநிலைப் பள்ளி அணிக்குப் போகும்.

இப்படிக்கு,
பள்ளி ஃபுட்பால் பெற்றோர் குழு